இணைய வேகத்தை உண்பவர் யார்?

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு இணையம் ஆடம்பரப் பொருளன்று. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தை மாலைதோறும் நமக்குக் காட்டுவது அது. பிள்ளைகளின் பாடமும் பலருடைய அலுவலும் அதனை நம்பியே நடைபெறுகின்றன. அத்தகைய இணைப்பு ஒருநாள் திடீரெனத் தளர்ந்துவிடுகிறது. படம் அசைவற்று நிற்கிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. உடனே இணைப்பு அளித்த நிறுவனத்தைக் குறை கூறுகிறோம்; அல்லது மேலும் பணம் கட்டி உயர்ந்த திட்டத்துக்கு மாறுகிறோம். அதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் விலைகொடுத்து வாங்கிய வேகத்தை வீட்டுக்குள்ளேயே எதுவேனும் உண்டுகொண்டிருக்கிறதா?

முதலில் அளந்து பார்ப்போம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து தேடலாகாது. ஏனைய கருவிகள் யாவற்றையும் இணைப்பிலிருந்து நீக்கிவிட்டு, ஒரே ஒரு கணினியைக் கம்பி வழியாக ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். 100 மெகாபிட் திட்டமாயின், கோப்பு இறங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 12 மெகாபைட் என்றே காட்டும். 8 பிட் சேர்ந்தது 1 பைட் ஆதலின் இது குறையன்று. இவ்வாறு தனியே அளந்தும் வேகம் குன்றியிருப்பின், திட்டத்தின் மாத அளவு தீர்ந்துவிட்டதா என்று பார்த்து, இல்லையெனில் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். தனியே அளந்தபோது நன்றாயிருந்து, கருவிகள் திரும்பியதும் குன்றினால், காரணம் நம் கூரையின் கீழே இருக்கிறது.

ஓசையின்றி உழைக்கும் பணியாளர்

அக்காரணம் பெரும்பாலும் அயலார் அல்லர். நாமே வாங்கி வைத்த கருவிகள்தாம். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திருமணமும் திருவிழாவும் கண்டு திரும்பும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டு வைஃபையைக் கண்டதும் கைப்பேசிகள் அந்தப் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்குகின்றன. 20 ஜிகாபைட் அளவுள்ள படங்களை நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும்.

ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தனித்தனிப் பாதைகள் அல்லவா, ஒன்று நிரம்பினால் மற்றொன்று ஏன் தளர வேண்டும் என்று அன்பர்கள் கேட்கலாம். பதிவுத் தபாலை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். இணையத்தில் தகவல்கள் சிறுசிறு பொதிகளாக வருகின்றன. வந்த பொதிகளுக்கு நம் கருவி ஒப்புகைச் சீட்டு அனுப்பினால்தான் மறுமுனை அடுத்தவற்றைத் தடையின்றி அனுப்பும். ஏற்றும் பாதை படங்களால் அடைபட்டிருக்கும்போது ஒப்புகைச் சீட்டுகளும் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. ஆகவே இறங்கும் பாதையில் இடம் இருந்தும் வேகம் குன்றுகிறது.

வாயிலில் பொருத்திய காவல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் இடையறாது காட்சிகளை வெளியே அனுப்பினால், ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட், 30 நாளைக்கு ஏறத்தாழ 650 ஜிகாபைட் செலவாகும். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 முதலாக, புதுப்பிப்புகளின் பகுதிகளைப் பிற கணினிகளுக்கும் வழங்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்னும் அதனை அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

கண்டறியும் வழி

நீக்கிய கருவிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்து, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளக்க வேண்டும். எதனை இணைத்ததும் வேகம் சரிகிறதோ, அதுவே நாம் தேடியது. அது கணினியாயின் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். எந்த நிரல் வலையமைப்பை மிகுதியாகப் பயன்படுத்துகிறது என்பதை அதில் காணலாம். கைப்பேசியாயின் படச் சேமிப்புச் செயலியை முதலில் பார்க்க வேண்டும். குற்றம் கண்ட பணியாளரை நீக்கவேண்டியதில்லை. நேரம் வகுத்துக் கொடுத்தால் போதும். படங்கள் நள்ளிரவில் ஏறட்டும்; கேமரா அசைவு கண்டபோது மட்டும் பதிவு செய்யட்டும்.

அழையா விருந்தினர்

ரௌட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் 192.168.1.1 போன்ற முகவரி இருக்கும். அதனைத் திறந்தால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் தெரியும். நம் கருவிகளை எண்ணி அதனோடு ஒப்பிட வேண்டும். அறியாத பெயர் கண்டவுடன் அயலாரை ஐயுறலாகாது. இக்காலக் கைப்பேசிகள் தம் உண்மை முகவரியை மறைத்து மாற்று முகவரியுடன் இணைவதுண்டு. எண்ணிக்கை மிகுந்தே இருப்பின் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும்.

இது வேகம் பற்றிய கவலை மட்டுமன்று. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டிய மின்னஞ்சல் ஒன்று, நவி மும்பையில் பூட்டப்படாத வீட்டு வைஃபை ஒன்றின் வழியே அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் அந்த வீட்டாரையே தேடி வந்தது. 2016-இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றிப் பெரும் இணையதளங்களையே முடக்கியது. தம் கேமரா படையாளாகிவிட்டதை அவற்றின் உரிமையாளர்கள் அறியவில்லை. இத்தகைய தீநிரல்களைக் களைய இந்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ இலவசக் கருவிகளை வழங்குகிறது.

ஆதலின் வைஃபைக்கு ஒன்றும், ரௌட்டருக்கு ஒன்றும், கேமராவுக்கு ஒன்றுமாகத் தனித்தனிக் கடவுச்சொற்கள் இருக்கட்டும். விருந்தினருக்குத் தனி வைஃபை அமைக்கலாம். மாதந்தோறும் பால் கணக்கும் மளிகைக் கணக்கும் பார்க்கும் நாளிலேயே ரௌட்டரின் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம். பத்து நிமிட வேலைதான். உயர்ந்த திட்டத்துக்கு வீணே கட்டும் பணம் பல வீடுகளில் மிச்சமாகும்.