ஸ்டீயரிங் ரிம்: மில்லிமீட்டர், கிராம், ரூபாய்

280, 300, 330, 350. வீட்டில் சிம் ரேசிங் ஆடுபவர் பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்ட நினைத்தால், முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த நான்கில் எது என்பதைத்தான். எல்லாம் ரிம்மின் வெளிவிட்டம், மில்லிமீட்டரில். விற்பனைப் படங்களில் கார்பன் ஃபைபரும் ஒளிரும் பட்டன்களும் கண்ணைப் பறிக்கின்றன. விட்டம் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. கையில் உணரப்போகும் விசையையும், வளைவில் கை நகரும் தூரத்தையும், மோட்டார் படும் பாட்டையும் தீர்மானிப்பது அந்தச் சின்ன எழுத்துதான்.

நிஜப் பந்தயக் கார்களிலிருந்தே இந்த அளவுகள் வந்தன. ஃபார்முலா வகைக் கார்களில் 270 முதல் 280 வரை, ஜிடி3 கார்களில் 300-ஐ ஒட்டி, ராலிக்கும் டிரிஃப்டுக்கும் 330 முதல் 350 வரை. திரஸ்ட்மாஸ்டர் விற்கும் ஸ்பார்கோ பி310 நகலின் விட்டம் 310; ராலிக்காரர்கள் விரும்பும் ஆர்383 நகல் 330. மோமோவின் மாடல் 07 ரிம் 350. அதிகம் விற்கும் லாஜிடெக் ஜி29, ஜி923 ஆகியவற்றில் வருவது ஏறத்தாழ 280 வகை. கைக்குச் சிறியதாகத் தெரிவதால் பலர் நேராக 350-க்குத் தாவுகிறார்கள். அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

மோட்டார் தருவது திருகுவிசை. அதை ரிம்மின் ஆரத்தால் வகுத்தால் கைக்கு வரும் விசை கிடைக்கும். கியரில் ஓடும் ஜி923-இன் உச்சத் திருகுவிசை சுமார் 2.2 நியூட்டன் மீட்டர். 280 மி.மீ. ரிம்மின் ஆரம் 0.14 மீட்டர், வகுத்தால் 15.7 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.6 கிலோ எடையின் இழுப்பு. அதே மோட்டாரில் 350 மி.மீ. ரிம் மாட்டினால் 12.6 நியூட்டன், 1.3 கிலோ. சரியாக ஐந்தில் ஒரு பங்கு விசை காணாமல் போய்விடுகிறது. ஏற்கெனவே மெலிந்திருக்கும் விசையில் 20% போனால் முதலில் மறைவது நுட்பங்கள்: டயர் பிடி விடும் முன் ஸ்டீயரிங் லேசாவது, ஓரக் கல்லில் ஏறும்போது வரும் அதிர்வு, பின்பக்கம் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணம். சிம் ரேசிங்கில் காசு கொடுத்து வாங்குவதே இவற்றைத்தான்.

மோட்டார் வலுவானால் படம் மாறுகிறது. 2021-இல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி, மோட்டார் தண்டிலேயே ரிம் அமரும் டைரக்ட் டிரைவ் வகை. சாதாரண பவர் சப்ளையில் 5 நியூட்டன் மீட்டர், 180 வாட் பூஸ்ட் கிட் சேர்த்தால் 8. இந்த 8-ஐ 350 மி.மீ. ரிம்முக்குக் கொடுத்தாலும் 45.7 நியூட்டன், கிட்டத்தட்ட 4.7 கிலோ வருகிறது. மோசா ஆர்12 தரும் 12 நியூட்டன் மீட்டரில் அதே 350-இல் 7 கிலோ; 280-இல் 8.7 கிலோ. சிமுக்யூப் 2 ப்ரோவின் 25 நியூட்டன் மீட்டரை 300 மி.மீ. ரிம்மில் முழுதாகத் திறந்துவிட்டால் 17 கிலோ. அங்கே பெரிய ரிம் மணிக்கட்டைக் காப்பாற்றும். ஆக, பெரிய ரிம் வலுவான மோட்டாருக்குப் பொருத்தமானது. மெலிந்த மோட்டாருக்குச் சுமை.

பெரிய ரிம்முக்கு ஒரு நிஜமான லாபம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 280 மி.மீ. ரிம்மின் சுற்றளவு 880 மி.மீ.; 350-இன் சுற்றளவு 1,100. ஒரு பாகை திருப்ப முன்னதில் கை 2.4 மி.மீ. நகர்கிறது, பின்னதில் 3.1. கால் சுற்று திருப்ப 220 மி.மீ.க்குப் பதில் 275. அதிவேக வளைவில் ஒன்றிரண்டு பாகைத் திருத்தத்தைக் கை இன்னும் துல்லியமாகச் செய்யும். டிரிஃப்ட் ஓட்டுபவருக்கும், பழைய சாலைக் கார்களை 900 பாகைச் சுழற்சியில் ஓட்டுபவருக்கும் இது மிகவும் உதவும். ஃபார்முலா கார் ஓட்டுபவர் 360 பாகையை ஒட்டியே திருப்புகிறார், கை மாற்றிப் பிடிப்பதே இல்லை. அவருக்குச் சின்ன ரிம்தான் சரி.

அடுத்தது எடை. என் கணிப்பில் இந்த விஷயத்தில் அதிகம் புறக்கணிக்கப்படும் எண் இதுதான். சுழலும் வளையத்தின் மந்தம் எடையையும் ஆரத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. ரிம்மின் எடை முழுவதும் விளிம்பில் இருப்பதாக வைத்துப் பார்ப்போம். 280 மி.மீ., 1 கிலோ ரிம்முக்கு 0.0196 கிலோ சதுர மீட்டர். 350 மி.மீ., 1.3 கிலோ ரிம்முக்கு 0.0398. விட்டம் 25% கூடியது, எடை 30% கூடியது. மந்தமோ இரண்டு மடங்கு. அதே மோட்டார் அதே உதையைக் கொடுத்தால் ரிம் பாதி வேகத்தில்தான் எழும். கியர் மோட்டாருக்கு இது ஈரத்துணி போர்த்திய மத்தளத்தை அடிப்பது மாதிரி: தட்டல் விழுகிறது, ஓசை அமுங்குகிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். விளிம்பில், மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கும் 300 கிராம், மையத்திலிருந்து 40 மி.மீ.யில் இருக்கும் 300 கிராமைப் போல 14 மடங்கு மந்தம் தருகிறது. நடுவில் பட்டன் பெட்டி வைப்பதற்குத் தயங்க வேண்டாம்; தடித்த இரும்பு வளையத்தின் மேல் தடித்த நுரையும் தோலும் சுற்றிய ரிம்முக்குத் தயங்குங்கள்.

இனி மாட்டுவது. கார் உலகின் ரிம்களில் துளை வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமையும் வட்டம், மூன்று அளவுகளில் பரவலாக உண்டு. மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி ரிம்களில் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை. நார்டி, பெர்சனல் ரிம்களில் 74 மி.மீ. வட்டத்தில் ஆறு. ஃபார்முலா வகையிலும், ரிம்மை நொடியில் கழற்றும் பல க்விக் ரிலீஸ்களிலும் 50.8 மி.மீ. வட்டம், அதாவது இரண்டு அங்குலம். 70-க்கும் 74-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வெர்னியர் காலிப்பரின் ஒரு முனையை ஒரு துளையின் இடது விளிம்பிலும், மறு முனையை அடுத்த துளையின் இடது விளிம்பிலும் வையுங்கள். ஆறு துளை வட்டத்தில் அடுத்தடுத்த துளைகளின் இடைவெளி வட்டத்தின் ஆரத்துக்குச் சமம். எனவே 35 காட்டினால் 70 வட்டம், 37 காட்டினால் 74, 25.4 காட்டினால் 50.8. மூன்றே துளையுள்ள 50.8 வட்டத்தில் இடைவெளி 44 வரும். பழைய ரிம் கைமாறி வாங்குகிறவர் இந்த ஓர் அளவை எடுக்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. 74 ரிம்மை 70 தட்டில் உட்கார வைக்கத் துளையை அரத்தால் நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீண்ட துளையில் போல்ட் ஆடும். ஒரே ஒரு பாகை ஆட்டம் 350 மி.மீ. ரிம்மின் விளிம்பில் 3 மி.மீ.யாகத் தெரியும்.

ஜி29, ஜி920, ஜி923, திரஸ்ட்மாஸ்டர் டி150 இவற்றில் ரிம்மை நொடியில் கழற்றி மாற்றும் வசதி இல்லை. வேறு ரிம் மாட்ட இடையில் ஓர் அடாப்டர் தட்டு வேண்டும். இதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையே இல்லை. 90 மி.மீ. விட்டம், 6 மி.மீ. கனம் உள்ள அலுமினியத் தட்டின் எடை சுமார் 103 கிராம். அதையே இரும்பில் செய்தால் 300 கிராம். கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரிபாகம் கடையும் பட்டறை எதற்கும் இது சின்ன வேலை. வட்டமும் துளை அளவும் குறித்த வரைபடத்தைக் கையில் கொடுங்கள், எம்5 கவுண்டர்சங்க் ஆலன் போல்ட் என்று சொல்லுங்கள், அலுமினியம் என்று அழுத்திச் சொல்லுங்கள்.

தட்டோடு செலவு முடிவதில்லை. ரிம் மாறினால் கியர் மாற்றும் பேடிலும் பட்டன்களும் பெரும்பாலும் பழைய ரிம்மோடு போய்விடும். புது பேடில், பட்டன் பலகை, யூஎஸ்பி சுருள் கேபிள் எல்லாம் தனித்தனி வரிகளாகக் கணக்கில் ஏறும். ஆழக் குழிவுள்ள ரிம் வாங்கினால் அது உங்களை நோக்கி 70, 80 மி.மீ. முன்னே வரும், பேடில் மோட்டார் இருக்கும் பேஸோடு ஒட்டியிருந்தால் விரலுக்கு எட்டாது. கன்சோலில் ஆடுபவருக்கு இன்னொரு கண்ணி உண்டு. ஃபனாடெக்கில் பிளேஸ்டேஷன் அனுமதி பேஸில் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் அனுமதி ஸ்டீயரிங்கில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ்காரர் அனுமதி இல்லாத ஸ்டீயரிங் மாட்டினால் மொத்தச் செட்டும் அந்தப் பெட்டிக்கு அந்நியமாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ரிம் விலையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். இந்தியாவில் சுங்கம் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. ரிம் 10,000 ரூபாய், அனுப்பும் கட்டணம் 2,500 என்று கொள்வோம். விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கணக்குக்காக அடிப்படைச் சுங்கம் 20%, அந்தச் சுங்கத்தின் மேல் சமூக நல மேல்வரி 10%, ஜிஎஸ்டி 18% என்று வைத்தால்:

பொருளும் அனுப்பலும்: 12,500
சுங்கம்: 2,500
மேல்வரி: 250
15,250-க்கு ஜிஎஸ்டி: 2,745
வாசலுக்கு வரும்போது: 17,995

வண்டியில் வந்த பார்சலைத் திறப்பதற்கு முன்பே 10,000 ரூபாய் ரிம் 18,000 ஆகிவிட்டது. அந்தந்த நாளின் விகிதத்தைப் போட்டு இதே ஐந்து வரிக் கணக்கை ஆர்டர் செய்யும் முன் எழுதிப் பாருங்கள்.

அந்தப் பணத்துக்கு வேறு என்ன கிடைக்கும்? வெளியான காலத்து அமெரிக்க விலைகளை எடுத்துக்கொண்டால், சிஎஸ்எல் டிடி பேஸ் 349.95 டாலர், நியூட்டன் மீட்டருக்கு 70 டாலர். பூஸ்ட் கிட் 149.95 டாலருக்குக் கூடுதலாக 3 நியூட்டன் மீட்டர் தந்தது; ஒன்றுக்கு 50 டாலர். டைரக்ட் டிரைவ் வைத்திருப்பவர் அழகான இரண்டாவது ரிம்முக்குச் செலவழிக்கும் முன் இந்த 50 டாலர் கணக்கைப் பார்க்க வேண்டும். கியர் மோட்டார்க்காரரோ ரிம்மை எவ்வளவு மாற்றினாலும் 2.2 என்பது 2.2 ஆகவே இருக்கும்.

பேஸையும் ரிம்மையும் ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் வைப்பதும் யோசிக்க வேண்டியது. 2024-இல் ஃபனாடெக்கின் தாய் நிறுவனமான ஜெர்மனியின் எண்டோர் திவால் நடவடிக்கைக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் கோர்செயர் ஃபனாடெக்கை வாங்கியது. கடை தொடர்ந்தது, நல்லதாயிற்று. ஆனாலும் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு துளை உள்ள வெறும் ரிம், எந்த நிறுவனம் நிலைத்தாலும் மறைந்தாலும் இன்னொரு பேஸில் ஏறும். இரண்டு ரிம்களில் மனம் ஊசலாடினால் என் வாக்கு அந்த 70-க்கே.

மாற்ற நினைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிடியின் உறை உரிந்து போவதுதான். அப்படியானால் ரிம்மே வாங்க வேண்டாம். 280 மி.மீ. ரிம், 30 மி.மீ. பிடி. வளையத்தின் நடுக்கோட்டு நீளம் 785 மி.மீ., பிடியின் சுற்று 94 மி.மீ.; மொத்தப் பரப்பு சுமார் 740 சதுர சென்டிமீட்டர். தோல் விற்பது சதுர அடிக் கணக்கில். ஒரு சதுர அடி 929 சதுர சென்டிமீட்டர். கணக்குப்படி ஒரு சதுர அடியே போதும். ஆனால் 78 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒரு சதுர அடித் தோலில் எளிதில் அமையாது, மூன்று நான்கு துண்டு இணைக்க வேண்டும், ஆகவே இரண்டு சதுர அடி. சென்னை பெரியமேட்டில் காலணிக்கும் பைக்கும் தோல் வாங்கப் போகிற கூட்டத்தில் நீங்களும் நிற்கலாம். உள்விளிம்பின் சுற்றளவு 691 மி.மீ.; 5 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் ஒரு பக்கத்துக்கு 138 துளை. பொறுமையுள்ளவர்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஸ்வேட் உறை மேல்நாட்டுப் படங்களில் அழகு. சென்னையின் வியர்வையில் கையுறை இல்லாமல் பிடித்தால் சீக்கிரமே பளபளத்து வழுக்கும். இங்கே மென்தோலே உகந்தது.

எனவே கியர் மோட்டார் வைத்திருப்பவருக்கு என் தீர்ப்பு: பழைய ரிம்முக்குத் தோல் மாற்றுங்கள், மிச்சப் பணத்தை, மிதிக்கும் விசையை அளக்கும் லோட் செல் பிரேக் பெடலுக்குச் சேமியுங்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால் 300 மி.மீ.யைத் தாண்டாதீர்கள். 5 முதல் 8 நியூட்டன் மீட்டர் உள்ளவர் 300 முதல் 330 வரை தாராளமாகப் போகலாம். 350-ஐ 8-க்கு மேல் உள்ளவர்களுக்கும், டிரிஃப்டுக்கென்றே வைத்திருப்பவர்களுக்கும் விட்டுவிடுங்கள். விற்பனைப் பக்கங்களில் விட்டம் இருக்கும், நிறம் இருக்கும், எடை பெரும்பாலும் இருக்காது. எத்தனை கிராம், எந்தத் துளை வட்டம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சொல்லாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.