லங்காஷயரில் கண்ணில் படாத பிளவு

2019 ஆகஸ்ட் 26, திங்கட்கிழமை. இங்கிலாந்தில் வங்கி விடுமுறை நாள். காலை எட்டரை மணிக்கு பிளாக்பூல் நகரை ஒட்டிய ஊர்களில் வீடுகள் குலுங்கின. ரிக்டர் அளவில் 2.9. ஜப்பானில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால், இந்த அதிர்வு பிறந்தது வெறும் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். அதனால் மேலே இருந்தவர்களுக்குப் பலமாகவே உறைத்தது.

பிரஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில், ஷேல் என்னும் படிவுப் பாறையில் அடைந்திருக்கும் எரிவாயுவுக்காக குவாட்ரில்லா நிறுவனம் தோண்டிய கிணறுதான் காரணம். பாறைக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி விரிசல் உண்டாக்கும் வேலையை மூன்று நாள் முன்பே நிறுத்தியிருந்தார்கள். அதன் பிறகுதான் அந்த அதிர்வு.

கண்ணை மூடிக்கொண்டு தோண்டிய கிணறு அல்ல அது. 2011-இல் அருகிலுள்ள பிரீஸ் ஹால் கிணற்றில் இதே வேலை நடந்தபோது 2.3 அளவில் ஓர் அதிர்வு வந்தது. அப்போது கையில் முப்பரிமாண வரைபடம் இல்லை. மறு ஆண்டே அந்த வட்டாரத்தில் முப்பரிமாண நில அதிர்வு ஆய்வு நடத்தினார்கள். புதிய கிணறுகளுக்கு அதுவே வழிகாட்டி.

இத்தகைய ஆய்வில், கனரக லாரி ஒரு இரும்புத் தட்டைத் தரையில் அழுத்தி, சில நொடிகளுக்கு அதிரவிடும். அந்த அலை பூமிக்குள் இறங்கி, ஒவ்வொரு பாறை அடுக்கின் எல்லையிலும் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். வயல்களில் வரிசையாக ஊன்றிய ஜியோபோன்கள் அதைப் பதிவு செய்யும். திரும்பிவர ஆன நேரம் ஆழத்தைச் சொல்லும். எதிரொலியின் வலிமை, லாரிக்கும் ஜியோபோனுக்கும் உள்ள தூரத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பது பாறையின் குணத்தைச் சொல்லும். கரிமப்பொருள் மிகுந்த ஷேலில் அலை மெதுவாகப் போகும். வாயு தேடுபவருக்கு அது நல்ல அறிகுறி. குவார்ட்ஸ் அதிகமுள்ள பாறை அழுத்தத்தில் நொறுங்கும், விரிசல் திறந்தே இருக்கும். களிமண் அதிகமென்றால் பாறை வளைந்துகொடுத்து விரிசலை மூடிவிடும். கிணற்றைக் கிடைமட்டமாக எந்த அடுக்குக்குள் திருப்புவது, எந்தப் பெரிய பிளவை விட்டு விலகுவது என்பதையெல்லாம் இந்தத் தரவை வைத்தே முடிவு செய்கிறார்கள். பெரும் சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால், அலைக்கு ஒரு எல்லை உண்டு. அந்த ஆழத்துப் பாறையில் அலை நொடிக்கு 4,000 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 மீட்டருக்குக் குறைவான விலகலைப் படத்தில் பிரித்தறிவது கடினம். இன்னொரு சிக்கலும் உண்டு. பிளவின் இருபுறமும் அடுக்குகள் மேலும் கீழுமாக விலகியிருந்தால்தான் எதிரொலியில் முறிவு தெரியும். பக்கவாட்டில் மட்டும் நழுவியிருந்தால், சமமான அடுக்குகளில் அந்த நழுவல் தடம் காட்டாது. ஆகஸ்டில் அசைந்த பிளவு ஏறக்குறைய செங்குத்தானது, பக்கவாட்டில் நழுவியது. முப்பரிமாணப் படத்தில் முன்கூட்டியே யாரும் அதை அடையாளம் கண்டிருக்கவில்லை. அங்கே ஒரு பிளவு இருப்பதைக் காட்டிக்கொடுத்தவை, வேலையின்போதும் அதன் பிறகும் பதிவான நுண்ணதிர்வுகள்தான். அப்போது காலம் கடந்திருந்தது.

வேலைக்கு ஒரு தடுப்பு விதி இருந்தது. அதிர்வு 0.5 அளவைத் தாண்டினால் வேலையை 18 மணி நேரம் நிறுத்த வேண்டும். கடுமையான விதி என்று நிறுவனம் குறைபட்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. படத்தில் தெரியாத பிளவு இருக்கக்கூடும் என்று எண்ணி எழுதிய விதி அது. ஆனாலும், நிறுத்திய பின்னும் பாறைக்குள் அழுத்தம் பரவிக்கொண்டிருக்கும் என்பதற்கு அந்த விதியிடம் பதில் இல்லை.

வாயுவின் அளவைப் பற்றிய எண்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும். 2013-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம், பழைய நில அதிர்வுக் கோடுகளையும் கிணறுகளையும் கொண்டு, மத்திய பிரிட்டனின் பௌலண்ட் ஷேலில் சுமார் 1,329 டிரில்லியன் கன அடி வாயு இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அது பாறைக்குள் இருப்பது. வெளியே எடுக்க முடிவது எவ்வளவு என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. மேடைகளில் பேசியவர்கள் இந்த வேறுபாட்டை எளிதில் விட்டுவிட்டார்கள்.

2019 நவம்பரில் அரசு இங்கிலாந்தில் இந்த வேலைக்குத் தடை விதித்தது. 2022-இல் எரிவாயு விலை எகிறியபோது, அறிவியல் முன்னேறியிருக்கிறதா என்று அதே ஆய்வு நிறுவனத்தை அரசு கேட்டது. இத்தகைய அதிர்வுகளை முன்கூட்டிக் கணிப்பது இன்னும் சவாலாகவே இருக்கிறது என்று செப்டம்பரில் பதில் வந்தது. அந்தப் பதில் வெளியான நாளிலேயே அரசு தடையை நீக்கியது. அடுத்த மாதம் வந்த புதிய பிரதமர் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்.