கரன்ட் ஆஃப் பண்ணினாலும் கையை நசுக்கும்... பனியன் கம்பெனி மெஷின்களில் இருக்கும் ஏர் சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது?

திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் தொழில் பகுதிகளில் தையல் மெஷின் சத்தத்தோடு சேர்ந்தே கேட்பது ஏர் கம்ப்ரசர் சத்தம். பட்டன் அடிக்கும் மெஷின், லேபிள் ஒட்டும் ஹீட் பிரஸ், நூல் வெட்டும் கட்டர் எனப் பல இடங்களில் காற்றுதான் வேலையைச் செய்கிறது.

நியூமேட்டிக் சிலிண்டர் என்றால் என்ன?

சைக்கிள் பம்ப்பில் நாம் தண்டை அழுத்தினால் காற்று வெளியே வரும். இது அதற்கு நேர் எதிர். காற்று உள்ளே போய் தண்டைத் தள்ளும். 6 பார் அழுத்தத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர் சுமார் 120 கிலோ எடை அளவுக்கு அழுத்தும். விட்டம் 100 மி.மீ. என்றால் 4 மடங்கு, அதாவது சுமார் 480 கிலோ.

அப்புறம் எண்ணெய் எதற்கு?

காற்று சுருங்கி விரியும். எதிர்ப்பு திடீரெனக் குறைந்தால் தண்டு சட்டென்று பாய்ந்துவிடும். எண்ணெய் அப்படிச் சுருங்காது. அதனால் இரும்பில் துளை போடுவது போல ஒரே சீரான வேகம் தேவைப்படும் வொர்க்‌ஷாப் வேலைகளுக்கு 'ஏர் ஓவர் ஆயில்' முறை கைகொடுக்கிறது. கம்ப்ரசர் காற்று டேங்கில் உள்ள எண்ணெயை அழுத்த, அந்த எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும். வழியில் உள்ள வால்வைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தனி ஹைட்ராலிக் பம்ப் வேண்டியதில்லை.

பூஸ்டர் என்ன செய்யும்?

100 மி.மீ. ஏர் பிஸ்டன், 25 மி.மீ. தண்டை எண்ணெய்க்குள் தள்ளினால், 6 பார் அழுத்தம் 16 மடங்காகி 96 பார் ஆகும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. அழுத்தம் கூடும் அளவுக்கு, தள்ளப்படும் எண்ணெயின் அளவு குறையும்.

ஆபத்து எங்கே?

சுவிட்சை அணைத்தாலும் டேங்கிலும் ஹோஸிலும் காற்று அப்படியே நிற்கும். சிக்கிய துணியை எடுக்கக் கையை விட்டால், தடை நீங்கிய நொடியில் பிஸ்டன் பாயலாம். கரன்ட் போகும்போது வால்வு இடம் மாறி சிலிண்டர் தானாக நகரவும் வாய்ப்புண்டு.

என்ன செய்ய வேண்டும்?

* முதலில் மெயின் சுவிட்ச், அடுத்து ஏர் வால்வு, இரண்டையும் மூடிப் பூட்ட வேண்டும்.
* மேலே தூக்கி நிற்கும் பாகத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். காற்று இறங்கியதும் அது விழலாம்.
* மிச்சக் காற்றைத் திறந்துவிட்டு, கேஜ் பூஜ்ஜியம் காட்டிய பிறகே கை வைக்க வேண்டும்.
* எண்ணெய்க் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அதிக அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.