ஜலத்திலிருந்து அக்கினி

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் மார்க்கமாக ரயிலில் செல்வோர் அத்திப்பட்டுப் பக்கத்து அனல் மின்சார நிலையங்களின் புகைபோக்கிகளையும், பொன்னேரி வயல்களையும் கடந்து கும்மிடிப்பூண்டியை அடைவர். அங்குள்ள தொழிற்பேட்டையில் இரும்பைக் கட்டடக் கம்பியாக நீட்டும் ஆலைகள் பல உண்டு. கம்பியாக நீளுமுன் இரும்பு பழுக்கக் காய்ந்தாக வேண்டும். இத்தகைய உலைகளில் பெரும்பாலும் எரிவது நிலக்கரி, எண்ணெய், வாயு ஆகியவையே. நமது தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறது என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஜலத்திலிருந்தே அக்கினியை எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறுவது புராணக் கதையன்று. ஜலம் என்பது ஹைட்ரஜனும் பிராணவாயுவும் கூடிய பொருள். அதனுள் மின்சாரத்தைச் செலுத்தினால் இரண்டும் தனித்தனியே குமிழிகளாக வெளிப்படும். 1800-ஆம் வருஷத்திலேயே நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர் இதைச் செய்து காட்டினர். அவ்வாறு பிரிந்த ஹைட்ரஜனை எரித்தால் கரிப்புகை இல்லை. மீண்டும் ஜலமே உண்டாகும்.

நமது நாட்டுக்கும் இது புதிதன்று. 1960-களில் பஞ்சாபிலுள்ள நங்கல் உரத் தொழிற்சாலையில், பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு ஜலத்தைப் பிரித்தே ஹைட்ரஜன் எடுத்தார்கள். பின்னர் அம்முறை கைவிடப்பட்டது. மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருகிவிட்டன. வாயுவுக்காக அதை வாரி இறைக்க இயலவில்லை. மேதைகள் இல்லாமலோ, யந்திரங்கள் பழுதாகியோ அது நின்றுவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

கணக்கைப் பார்ப்போம். சாஸ்திரப்படி ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 39 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் தொழிற்சாலையில் 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. மிகுதி வீண் உஷ்ணமாகப் போகிறது. இந்த நஷ்டத்தில் ஒரு பெரும் பகுதியைக் குறைக்கவல்லது ‘கிரியா ஊக்கி’ என்னும் பொருள். கோயம்புத்தூரிலிருந்து மலையாள தேசம் செல்பவர் மலைச் சிகரத்தின் மேல் ஏறுவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே சுகமாகப் போய்விடுகிறார். ரசாயன மாறுதலுக்கு அப்படியொரு கணவாயைத் திறந்துவிடுவதே கிரியா ஊக்கியின் வேலை.

இத்தொழிலுக்கு மிகச் சிறந்தவை பிளாட்டினமும் இரிடியமும். அவற்றின் விலையோ கேட்பவரை மயங்கி விழச் செய்யும். இரிடியம் உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 7, 8 டன்தான் கிடைக்கிறது; அதிலும் பெரும் பாகம் தென்னாப்பிரிக்காவில். எண்ணெய்க்கு ஒரு தேசத்தின் வாசலில் நின்றது போதாதென்று, இரிடியத்துக்கு இன்னொரு தேசத்தின் வாசலில் நிற்பதா?

இங்கேதான் எளிய உலோகங்கள் கை கொடுக்கின்றன. வனஸ்பதி செய்ய உதவும் நிக்கலை நம் இல்லத்தரசிகள் கேள்விப்பட்டிருக்கலாம். 1920-களில் அமெரிக்கரான மர்ரே ரேனி, நிக்கலையும் அலுமினியத்தையும் சேர்த்து உருக்கி, பிறகு அலுமினியத்தைக் காஸ்டிக் ஸோடாவில் கரைத்துவிட்டார். எஞ்சிய நிக்கல், தேன்கூடுபோல் துளைமயமாக நின்றது. துளைகள் மிகுந்தால் மேற்பரப்பு மிகும்; மேற்பரப்பில்தான் காரியம் நடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள உலோகக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துணுக்குகளாக்கினால் 600 சதுர மீட்டர். நம் சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் அதிகம்! நானோ உலோகங்களின் மகிமையில் பெரும் பங்கு இதுவே.

பிராணவாயு வெளிப்படும் பக்கம்தான் அதிகமாக முரண்டு செய்வது. நிக்கலோடு சிறிது இரும்பு சேர்ந்தால் அம்முரண்டு வெகுவாகத் தணிகிறது. நிக்கல் நமக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதே எனினும், பக்குவம் செய்த எவர்சில்வர் தகடும் இவ்வேலையைச் செய்கிறது; அதிலும் இரும்பும் நிக்கலும் உண்டல்லவா? கரையும் குரோமியத்தைப் பற்றி மட்டும் ஜாக்கிரதை வேண்டும்.

காரைக்குடியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. நிக்கல், இரும்பு, கோபால்ட் ஆகியவற்றின் நானோ வடிவங்களைக் குறித்து அங்குள்ளோர் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வெளியிட்டிருக்கின்றனர்.

ஆயினும் ஆராய்ச்சிசாலை வேறு, ஆலை வேறு. அங்கே விரல்நகம் போன்ற தகட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் செலுத்திச் சில தினங்கள் பார்ப்பது வழக்கம். ஆலையிலோ 200, 400 மில்லி ஆம்பியர் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும். பொங்கியெழும் குமிழிகளே நானோப் பூச்சை உரித்துவிடும். 2023 ஜனவரியில் சர்க்கார் பசுமை ஹைட்ரஜனுக்காக 19,744 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்து, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கும் வைத்தது. அப்பணத்தில் ஒரு பங்கேனும், காரைக்குடித் தகட்டைக் கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வாசற்கதவின் அளவுக்குச் செய்து, வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்க்கச் செலவாக வேண்டும். இல்லையேல் யந்திரத்தின் உயிர்நாடியான தகட்டை வெளிநாட்டில் வாங்கி, பெட்டியை மட்டும் இங்கே செய்து சுதேசி என்று பெயர் சூட்டுவோம்.

பூண்டி, புழல் ஏரிகள் 2019-இல் வறண்டதைக் கண்டவர்கள், “குடிக்கவே தண்ணீர் இல்லையே!” என்று கேட்பது நியாயம். தினம் 10 டன் ஹைட்ரஜன் செய்யும் ஆலையில் பிரிந்து போகும் ஜலம் சுமார் 90,000 லிட்டர். சுத்திகரிப்பில் கழிவது வேறு. அதையும் சேர்த்து இரண்டு லட்சம் என்றே வைத்துக்கொள்ளலாம். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த நிலையமோ, கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. ஏரியைத் தொட வேண்டியதில்லை; கடல் போதும். ஆனால் அதே ஆலைக்குத் தினமும் ஐந்து லட்சம் யூனிட் மின்சாரம் வேண்டும்.