நீந்துவது ஆளா, உடையா?

2010 அக்டோபரில் தில்லி காமன்வெல்த் போட்டிக்காக மயூர் விஹாரை ஒட்டி எழுந்த விளையாட்டு கிராமத்தில் பயிற்சிக்கென நீச்சல் குளமும் அமைக்கப்பட்டது. நீச்சல் உலகை உலுக்கிய ஒரு தடைக்குப் பிறகு நடந்த முதல் காமன்வெல்த் போட்டி அது. தடைக்கு உள்ளானது ஊக்க மருந்து அல்ல, உடை.

2008ல் ஸ்பீடோ நிறுவனம் 'எல்இசட்ஆர் ரேசர்' நீச்சலுடையை அறிமுகப்படுத்தியது. நாசாவின் காற்றுச் சுரங்கத்தில் துணி சோதிக்கப்பட்டது. தையல் கிடையாது, ஒட்டுதான். மறு ஆண்டு போட்டி நிறுவனங்கள் முழுக்க பாலியூரித்தேன் உடைகளுடன் களமிறங்கின. விளைவு? 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள்! ஜெர்மனியின் பால் பீடர்மன் 200 மீட்டரில் மைக்கேல் ஃபெல்ப்ஸையே வீழ்த்தினார். அங்கே 400 மீட்டரில் அவர் படைத்த சாதனை 2025 வரை நீடித்தது.

2010 ஜனவரி 1 முதல் துணியாலான உடைக்கு மட்டுமே அனுமதி. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை. 25 வயதைக் கடந்த அமெச்சூர்கள் மோதும் 'மாஸ்டர்ஸ்' பிரிவுக்கும் இந்த விதி நீட்டிக்கப்பட்டது.

சர்ச்சை இங்கேதான். ஐம்பது வயதுக்காரர் பதக்கத்தை நம்பியா பிழைக்கிறார்? தளர்ந்த உடலுக்கு உடை கொஞ்சம் கைகொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பது ஒரு தரப்பு. தழும்பையும் தொந்தியையும் மறைக்க முழு உடை வேண்டும் என்பவர்களும் உண்டு.

மறுதரப்பின் வாதம் வலுவானது. இறுக்கமான உடை, தண்ணீரில் தாழும் இடுப்பை உயர்த்திப் பிடிக்கிறது. பயிற்சியால் வரவேண்டியது பணத்தால் வருகிறது. அமெச்சூருக்கு உண்மையான எதிராளி சென்ற ஆண்டு தான் எடுத்த நேரம். உடை மாறினால் அந்த ஒப்பீடே பொய்த்துவிடும்.

தடை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. விதிக்கு உட்பட்ட முழங்கால் நீள உடைகளிலும் உயர்ரகமானவை பல்லாயிரம் ரூபாய். சில போட்டிகளிலேயே இறுக்கம் தளர்ந்துவிடும். மாதச் சம்பளக்காரர்கள் நீந்தும் நம் ஊர்க் குளங்களில் இது சிறிய விஷயமல்ல.

அமெரிக்க நீச்சல் சம்மேளனம் 2020ல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இத்தகைய உடைகளைத் தடை செய்தது. காலனி அளவிலான போட்டிகளை நடத்துபவர்களும் 'சாதாரண உடை மட்டும்' என்று அறிவிக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. பர்ஸைப் பார்த்துப் பின்வாங்கும் ஒருவராவது அப்போது துணிந்து குளத்தில் குதிப்பார்.