அயி: ஒரு பெயருக்காக எரிந்த ஊர்

பிரான்ஸின் வடகிழக்கில், மார்ன் ஆற்றின் வடகரையில், தெற்கு பார்த்த ஒரு சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது அயி. சுமார் நாலாயிரம் பேர் வாழும் ஊர். ஒரு பழைய தேவாலயம், குறுகலான தெருக்கள், தெரு முடிந்த இடத்திலேயே தொடங்கிவிடும் திராட்சைத் தோட்டங்கள். பொலாஞ்ஜே, டொய்ட்ஸ், அயாலா என்று உலகமெங்கும் விற்கும் ஷாம்பெய்ன் நிறுவனங்களின் வீடும் நிலவறையும் இங்கேதான். கண்ணாடிக் கலையில் பெரும்பெயர் பெற்ற ரெனே லலீக் 1860இல் பிறந்த ஊரும் இதுவே.

இந்த ஊரின் பெருமைக்கு முதல் காரணம் மண். நிலநடுக்கோட்டிலிருந்து 49 பாகை வடக்கே, திராட்சை பழுப்பதே கஷ்டம் என்று சொல்லக்கூடிய குளிரில், ஒவ்வொரு கீற்று வெயிலும் கணக்கு. தெற்கு பார்த்த சரிவு அந்த வெயிலை முழுதாக வாங்குகிறது. கீழே இருப்பது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இங்கே விளைவதில் பெரும்பங்கு பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சை. அதிலிருந்துதான் பொன்னிற ஒயின் வருகிறது. தோலில் இருக்கும் சாயம் சாற்றில் இறங்கிவிடக் கூடாது. அதனால் இயந்திரத்தால் அறுக்க அனுமதி இல்லை. கையால்தான் பறிக்க வேண்டும், குலை குலையாக, பழம் உடையாமல். 4,000 கிலோ திராட்சையைப் பிழிந்தால் முதலில் வரும் 2,050 லிட்டர் உயர்ந்த சாறு, அடுத்த 500 லிட்டர் இரண்டாம் தரம். அதற்கு மேல் வருவதை ஷாம்பெய்னாக்க முடியாது.

குமிழி வந்ததால் அயிக்குப் புகழ் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நுரைக்கும் ஒயின் பிறப்பதற்கு முன்பே, பதினாறாம் நூற்றாண்டிலேயே, அயி ஒயின் பாரீஸில் பேர் வாங்கியிருந்தது. மன்னர் நான்காம் ஹென்றி தன்னை 'அயியின் பிரபு' என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டார் என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை. அவர் பெயரைச் சுமக்கும் பழைய மரச்சட்ட வீடு ஒன்று ஊருக்குள் இன்றும் நிற்கிறது.

ஆனால் அயியின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது மன்னர் அல்ல. 1911ஆம் ஆண்டின் ஒரு ஏப்ரல் நாள்.

அன்றைய ஏற்பாடு இப்படி. நிலம் சிறு விவசாயிகளிடம் இருந்தது. பாட்டிலும் பெயரும் சந்தையும் பெரிய வியாபார நிறுவனங்களிடம் இருந்தன. விவசாயி திராட்சையை விற்பார், நிறுவனம் ஷாம்பெய்ன் ஆக்கும். ரயில் வந்ததும் சில வியாபாரிகளுக்கு வசதியாகிப்போனது. லுவார் பள்ளத்தாக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் மலிவான திராட்சையையும் ஒயினையும் வரவழைத்து, நுரை ஏற்றி, ஷாம்பெய்ன் என்று சீட்டு ஒட்டி விற்றார்கள். அதே காலத்தில் ஃபிலாக்செரா என்ற பூச்சி கொடிகளின் வேரைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்தடுத்து மோசமான விளைச்சல். 1910இல் பூஞ்சை நோயும் ஆலங்கட்டி மழையும் சேர்ந்து அடித்ததில் பல தோட்டங்களில் பறிக்க ஒன்றுமே இல்லை. கொடியில் பழம் இல்லாத வருஷத்திலும் நிலவறைகளிலிருந்து பாட்டில்கள் போய்க்கொண்டே இருந்தால், கடனில் மூழ்கிய விவசாயிக்கு எப்படி இருக்கும்?

1911 ஜனவரியில் தமெரி, ஒவிலே முதலான பக்கத்து ஊர்களில் வெளியூர்ச் சரக்கை மறித்தார்கள். பீப்பாய்களை உடைத்தார்கள், ஆற்றில் உருட்டினார்கள். ஒவிலே, ஷாம்பெய்னின் தந்தை என்று உலகம் கொண்டாடும் துறவி தோம் பெரிஞோன் வாழ்ந்த மடம் இருக்கும் ஊர்.

ஷாம்பெய்ன் என்ற பெயர் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அரசாங்கம் 1908இல் கோடு போட்டிருந்தது. மார்ன் மாவட்டம் உள்ளே. தெற்கே இருந்த ஓப் மாவட்டம் வெளியே. ஓப் விவசாயிகளுக்கு இது பேரிடி. அந்த மாவட்டத்தின் த்ருவா நகரம் பழைய ஷாம்பெய்ன் நாட்டின் தலைநகரமாகவே இருந்தது. எங்களையா வெளியூர்க்காரர் என்கிறீர்கள் என்று அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. மார்ன் விவசாயிகளின் பயத்திலும் நியாயம் இருந்தது. ஏப்ரல் 11 அன்று பாரீஸில் செனட் எல்லைக்கோட்டையே எடுத்துவிடலாம் என்று வாக்களித்தது. செய்தி அன்று இரவே மார்ன் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது. பொழுது விடிவதற்குள் ஆயிரக்கணக்கானோர் திரண்டுவிட்டார்கள்.

மறுநாள் ஏப்ரல் 12. கலப்படம் செய்கிறவர்கள் என்று கூட்டம் சந்தேகித்த நிறுவனங்களின் கதவுகள் பெயர்ந்தன. நிலவறைகளில் பாட்டில்கள் நொறுங்கின, பீப்பாய்கள் பிளந்தன, அயியின் தெருக்களில் ஒயின் ஓடியது. கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள். அயாலா நிறுவனத்தின் இடமும் அன்று எரிந்தவற்றில் ஒன்று. பொலாஞ்ஜே வீட்டை மட்டும் கூட்டம் தொடவில்லை, அவர்கள் உள்ளூர்த் திராட்சையைத்தான் வாங்குவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது என்பார்கள். குதிரைப்படை வந்தது. சரிவில் இருந்த கொடிகளுக்கும் நெருப்பு பரவியது. அன்றைக்கு நடந்தது சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலப்படத்தில் கை வைக்காத கூலிக்காரர்களின் பிழைப்பும் அந்தத் தீயில் போயிருக்கும். ஆனால் அந்த நெருப்புக்குப் பிறகுதான் பாரீஸ் இந்தச் சரிவுகளைத் திரும்பிப் பார்த்தது.

ஓப் மாவட்டத்தை இரண்டாம் தர ஷாம்பெய்ன் என்று சேர்த்து அப்போதைக்குச் சமாளித்தார்கள். அதற்குள் முதல் உலகப்போர் வந்து, மார்ன் ஆற்றங்கரையே போர்க்களமானது. 1927இல் தான் சட்டம் முழுமையாக முடிவு செய்தது: எந்தெந்த ஊர், எந்தெந்த வகைத் திராட்சை என்று. ஓப் மாவட்டமும் சமமாக உள்ளே வந்தது. நம் ஊரில் காஞ்சிபுரம் பட்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்திருக்கும் புவிசார் குறியீட்டின் மூத்த உறவுகளில் ஒன்று இந்தச் சட்டம். கலவரம் நடந்து சரியாக முப்பது வருஷம் கழித்து, 1941 ஏப்ரல் 12 அன்று, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு நடுவே, விவசாயிகளும் நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்காரும் ஷாம்பெய்ன் பொதுக்குழு சட்டப்படி உருவானது.

விலைக்கும் ஒரு முறை வந்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் மதிப்பெண். நூறு வாங்கிய ஊரின் திராட்சைக்கு முழு விலை. எண்பது வாங்கிய ஊருக்கு அதில் எண்பது சதவீதம். அயிக்கு ஆரம்பத்திலிருந்தே நூறு. 1990க்குப் பிறகு விலையை இப்படிக் கட்டும் வழக்கம் போய்விட்டது. ஆனால் 'கிராண்ட் க்ரூ' என்ற பட்டத்தோடு இருக்கும் 17 ஊர்களில் அயியும் ஒன்றாகத் தொடர்கிறது.

பூச்சியின் கதைக்குத் திரும்ப வேண்டும். ஃபிலாக்செரா அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைத் தாங்கும் வேர் அமெரிக்கக் கொடிகளுக்கு மட்டுமே உண்டு. அதனால் பிரான்ஸ் முழுவதும் அமெரிக்க வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டி நட்டார்கள். இன்று அங்கே பார்க்கும் தோட்டங்களில் அநேகமாக எல்லாமே ஒட்டுச்செடிதான். ஆனால் அயியில், பொலாஞ்ஜே நிறுவனத்துக்குச் சொந்தமான இரண்டு சிறு துண்டு நிலங்களில், சொந்த வேரில் நிற்கும் பினோ நுவார் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தாலும் அரை ஹெக்டேர் வராது. பூச்சி இவற்றை ஏன் விட்டுவைத்தது என்று யாராலும் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை.

அங்கே வரிசை கிடையாது, கம்பிப் பந்தல் கிடையாது. மற்ற தோட்டங்களில் ஒட்டுச்செடி நட்ட இடத்திலேயே முப்பது நாற்பது வருஷம் நிற்கும். இங்கே வருஷா வருஷம் பதியம். போன வருஷத்துக் கிளையை வளைத்து, குழி தோண்டி மண்ணுக்குள் படுக்க வைத்து, நுனியில் இரண்டு மூன்று மொட்டை மட்டும் வெளியே விட்டு மூடுகிறார்கள். புதைந்த தண்டில் வேர் விடுகிறது. இப்படியே கொடி வருஷத்துக்குச் சில அங்குலம் நகர்ந்துகொண்டே போகிறது. கூட்டத்தில் ஆட்கள் நிற்பதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக நெருங்கி நிற்கும் கொடிகளுக்குத் தனித்தனியே முளைக்குச்சி. குலைகள் தரையைத் தொடாத குறை. டிராக்டர் நுழைய இடமே இல்லாததால் களை எடுப்பது, கவாத்து செய்வது எல்லாம் குனிந்த முதுகோடு மண்வெட்டியும் கத்தியும் கொண்டுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷாம்பெய்ன் முழுவதும் தோட்டம் இப்படித்தான் இருந்தது.

இந்தப் பழங்கொடிகளின் திராட்சையைத் தனியாகப் பிழிந்து 1969 விளைச்சலில் முதன்முதலாக ஒரு ஒயின் செய்யவைத்தவர் லில்லி பொலாஞ்ஜே. 1941இல் கணவர் இறந்ததும், ஜெர்மானியப் படை ஊரில் இருக்கும்போதே நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று, முப்பது வருஷம் நடத்தினார். சைக்கிளிலேயே தோட்டம் தோட்டமாகச் சுற்றி வந்த அம்மையார் அவர். பிறந்த வீட்டுப் பெயர் லா த லொரிஸ்தோன். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரிந்திருக்கும். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1765க்குப் பிறகு மறுபடி எழுப்பிய ஆளுநர் ழான் லா த லொரிஸ்தோன் இதே குடும்பம்தான். லாஸ்பேட்டை என்ற பெயர் அவரால் வந்தது.

2015இல் அயி, ஒவிலே, மரேய் ஊர்களின் சரிவுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சரிவில் வெயில் மாறிவிட்டது. ஒரு காலத்தில் செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் நடந்த அறுவடை இப்போது பல வருஷங்களில் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுகிறது. பழுக்காதே என்று பயந்த இடத்தில், அளவுக்கு மீறிப் பழுத்துவிடுமே என்ற கவலை வந்திருக்கிறது.

அறுவடைக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூலியாட்கள் ஷாம்பெய்ன் பகுதிக்கு வருகிறார்கள். 2023 செப்டம்பரில், கொளுத்தும் வெயிலில், அவர்களில் சிலர் வேலைக்காலத்திலேயே இறந்துபோனார்கள். அதே அறுவடையில் மார்ன் பள்ளத்தாக்கின் ஒரு சிறு ஊரில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை மனிதர் இருக்க லாயக்கில்லாத கட்டடத்தில் அடைத்து வைத்து வேலை வாங்கியது தெரியவந்தது. 2025 ஜூலையில் மூன்று பேருக்கு நீதிமன்றம் ஆள்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தது.

கூலியாளை இப்படி வதைத்துப் பறித்த திராட்சைக்கு ஷாம்பெய்ன் என்ற பெயரே கிடைக்கக் கூடாது என்று அங்குள்ள தொழிற்சங்கம் கேட்கிறது. நான் அவர்கள் பக்கம். எங்கள் உழைப்பு இல்லாமல் இந்தப் பெயர் இல்லை என்பதுதானே 1911இல் அயிக்கு நடந்து வந்தவர்களின் வழக்கும்? இன்றைய விதிப்புத்தகம் எந்தக் கொடியை நடலாம், கவாத்தை எப்படிச் செய்ய வேண்டும், எத்தனை லிட்டர் பிழியலாம், பாட்டில் நிலவறையில் குறைந்தது பதினைந்து மாதம் கிடக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. பறித்த பழத்தின் அடியில் சாறு தேங்காமல் இருக்கப் பெட்டியில் துளை வேண்டும் என்பது வரை சொல்கிறது. பறித்தவர் இரவு எங்கே படுப்பார் என்பதற்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.