பார்த்து வரையட்டும் பிள்ளை

தாய்மார்களே! பிள்ளை சித்திரம் வரைய உட்கார்ந்ததும் புகைப்படத்தைத் தேடிக் கொடுக்கிறோம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைப் படம் எடுத்தவரே முடிவு செய்துவிட்டார். நேரில் பார்த்து வரையும் பிள்ளையோ, தானே உற்றுப் பார்த்துத் தெரிவு செய்கிறது.

உருவம் வரைவதைப் பற்றிக் கவலையா? கைத்தொழிலாகப் படம் வரைந்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. தில்லையடியில் அவற்றுக்கா பஞ்சம்? தென்னையும் களப்பும் கண்முன்னே இருக்கின்றன.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்தோரில், பிறந்த வீட்டின் புகைப்படம்கூட இல்லாதவர்கள் உண்டு. கிணறு எந்தப் பக்கம், முற்றத்தில் என்ன மரம் என்பதெல்லாம் உம்மம்மாவின் நெஞ்சில்தான் இருக்கின்றன. அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை வரையட்டும். கிணற்றையும் மரத்தையும் நேரில் பார்த்து வரைந்து பழகிய பிள்ளைக்கே அது கைவரும்.